பேர் எழுதாத சாமான்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏறிய கோபம் செவ்வாய்க்கிழமை ஆகியும் நூருல் ஹுதாவுக்கு இறங்கவில்லை. சோறு வடிக்கும்போது கோபம், துணியை உதறிக் காயப்போடும்போது கோபம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் கோபம். இப்படி நாள்கணக்கில் கோபத்தைச் சுமந்து திரிவது அவளுக்குப் பழக்கமில்லை. வந்த வேகத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு அரை மணி நேரத்தில் மறந்துவிடுகிற ஆள் அவள். இந்தத் தடவை அந்த நாலு வார்த்தையைப் பேசவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. தபசு நெருங்கினால் சங்கரன்கோவிலில் பிளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஹுதா வீட்டிலிருந்தபடியே பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள கருத்தப்பாண்டி அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, பக்தர்களை வரவேற்கிறோம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைவேலைதான். படம் கோணலாக இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு பேர் விட்டுப்போகட்டும், மறுநாள் காலையில் ஒரு கூட்டமே கடை வாசலில் வந்து நிற்கும். போன வருஷம் ஒரு சித்தப்பா பேர் விட்டுப்போய், கட்டிய பிளெக்ஸை அவிழ்த்துப் புதிதாக அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதனால் ஹுதா பேர்களை மட்டும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். ஊர்க்காரர்கள் பேர் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் பெரிய எழுத்தில் சுவரேறுகிறது. அவள் பேரைத்தான் அவள் புருஷன் எழுதவில்லை.

திரையில் ஒரு ஜன்னலில் தபசு பிளெக்ஸ் பாதியில் நின்றது. இன்னொரு ஜன்னலில் வரிசையாக, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கையில் பிடிக்கிற கேம்பேட் படங்கள். கறுப்பு, வெள்ளை, நீலம். ஒன்றை வாங்கிவிடுவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஒரு நிமிஷம் வாங்கிவிடலாம் என்று தோன்றும். அடுத்த நிமிஷம், நான் எதுக்கு வாங்கணும், எனக்கு வந்த சாமான் இதே ஊரில் இன்னொருவர் கையில் இருக்கும்போது என்று பல்லைக் கடிப்பாள்.

நடந்தது இதுதான்.

அவள் புருஷன் முகம்மது அப்சல் சவுதியில் தமாமில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் ஐந்து மாதம். மீதியெல்லாம் போன்தான். சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று எத்தனை நாளைக்குக் கேட்டுக்கொண்டிருப்பது? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, குழம்பைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு இருவரும் சும்மா ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்சல்தான் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னான்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடவேண்டிய விளையாட்டு. ஆளுக்கொரு பொம்மை. ஒரு வீட்டுச் சாமான்களை எல்லாம் தூக்கி வாசலில் நிற்கிற லாரியில் ஏற்ற வேண்டும். குத்துவிளக்கு, நாற்காலி மாதிரிச் சின்னச் சாமானைத் தனியாகத் தூக்கலாம். பீரோ, கட்டில் என்றால் ஒரு முனையை அவன் பிடிக்க வேண்டும், மறுமுனையை இவள் பிடிக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் போச்சு. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்றால் அது அவர்கள் நேரம். அங்கே அவன் ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறப்பான். இங்கே ஹுதா அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். "பிடிங்க, விடாதீங்க, இந்தப் பக்கம் இடிக்குது" என்று அவள் கத்துவதும், அவன் அங்கிருந்து கத்துவதும், சிரிப்பு முட்டிக்கொண்டு வரும்போது வெளியே கேட்காமல் இருக்க அவள் துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொள்வதும், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அந்த ஒரு மணி நேரம்தான் தனக்குப் புருஷன் என்று ஒருவன் இருக்கிற நேரம் என்று ஹுதா நினைத்திருந்தாள். மற்ற நேரமெல்லாம் சேதி கேட்கிறதோடு சரி.

கதவைச் சாத்தச் சொன்னது அவள் அல்ல, அப்சல். "உம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பா? சம்பாதிக்கப் போன எடத்துல இவன் வெளாடுதான், வீட்டுல அவன் பொண்டாட்டியும் வெளாடுதான்னு நெனைக்க மாட்டாளா? நமக்குள்ள இருக்கட்டும் ஹுதா." நமக்குள் இருக்கட்டும் என்ற சொல் அப்போது அவளுக்கு இனித்தது. ரகசியம் வைத்துக்கொள்ளத் தனக்கும் ஒரு ஆள் இருக்கிறான் என்று ஒரு சந்தோஷம். ஆனால் மாமியார் ஆயிஷம்மாளுக்கு ஏதோ பிடிக்கவில்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மற்ற நாளெல்லாம் "ஏட்டி, ஏட்டி" என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிற மாமி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். தானே டீ போட்டு, கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூஞ்சியைக்கூட நேராகப் பார்க்கமாட்டாள். கோபம்தான், வேறென்ன என்று ஹுதா எண்ணிக்கொண்டாள்.

விளையாட்டில் அறுபத்தெட்டாவது வீட்டில்தான் மாட்டிக்கொண்டார்கள். மாடியிலிருந்து ஒரு கட்டிலை இறக்க வேண்டும். படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். அப்சல் எப்போதோ ஒரு கேம்பேட் வாங்கிவிட்டான். அதில் கட்டைவிரலுக்கு ஒரு குமிழ் இருக்கிறது. லேசாகத் தள்ளினால் பொம்மை லேசாக நடக்கும். ஹுதாவிடம் இருப்பது கீபோர்டு. பொத்தானைத் தொட்டால் பாய்ச்சல், விட்டால் அப்படியே நின்றுவிடும். மெதுவாக என்பதே கிடையாது. அவன் அரை அடி வைக்கும்போது இவள் மூன்றடி பாய்வாள், கட்டில் சுவரில் மோதும். ஐந்து வெள்ளிக்கிழமையாக அதே கட்டில், அதே சுவர். இரண்டாவது வாரமே இருவருக்கும் சலிப்பு வந்துவிட்டது. அரை மணியிலேயே அப்சல் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவி ஹுதாவுக்குப் பயமாக இருந்தது. இதுவும் குழம்பு விசாரிக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம்.

"ஊருக்குப் பெட்டி போடுதேன். உனக்கு ஒரு கேம்பேட் வாங்கி, கம்பளிக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்" என்று மறுநாள் சொன்னான் அப்சல். அவள் அன்றைக்கு முழுவதும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பிளெக்ஸ் போட்டாள்.

கார்கோவில் போட்ட பெட்டி மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வீட்டில் பெட்டி பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆயிஷம்மாளின் மகள் ரசீதாவும் மருமகன் ஷேக் ஃபரீதும் வந்து உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை அறுக்க வேண்டும். வீடியோ காலில் அப்சலைக் கூப்பிட்டு, போனை அலமாரியில் சாய்த்து வைக்க வேண்டும். சாமான் ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி அவன் மார்க்கரில் பேர் எழுதியிருப்பான். ஆயிஷம்மாள் பேரைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். பேர் எழுதாத சாமான் வந்தால், அது வீட்டு மாப்பிள்ளைக்கு. அவர் வேண்டாம் என்றால்தான் மற்றவர்களுக்கு. அப்சலின் வாப்பா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். அப்சலுக்கும் அது நன்றாகத் தெரியும்.

கோடாலித் தைலத்தில் உம்மா பேர். பாதாம் பொட்டலத்தில் ரசீதாக்கா. அத்தர் குப்பியில் ஃபரீத் மச்சான். முகத்துக்குப் போடுகிற ஒரு கிரீம் டப்பாவில் ஹுதா. கம்பளியிலும் உம்மா. கம்பளியை உதறினால் கேம்பேட் இருந்த சின்னப் பெட்டி விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ஆயிஷம்மாள். ஓரத்தில் பாதி கிழிந்த மஞ்சள் விலைச்சீட்டு இருந்தது. வெள்ளை டேப் இல்லை.

"இது என்னது, டிவி ரிமோட்டா?"

"இல்ல மாமி, கேம்பேடு. கம்ப்யூட்டர்ல வெளாடுத சாமான்" என்றார் ஃபரீத். ராஜபாளையம் ரோட்டில் மொபைல் கடை வைத்திருப்பவர், இதெல்லாம் தெரியும்.

"பேரு இல்லியே. அப்ப நீங்க எடுத்துக்கிடுங்க மாப்பிள்ளை."

ஹுதா அலமாரியைப் பார்த்தாள். போன் திரையில் அப்சல் பல் தெரியச் சிரித்தபடி இருந்தான். அவன் சொல்லுவான் என்று காத்திருந்தாள். உம்மா, அது ஹுதாவுக்கு. மூன்றே வார்த்தை. சிரிப்பு அப்படியே இருந்தது, வாய் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. ஃபரீத் பெட்டியை அத்தரோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டார். ஹுதா கிரீம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தானே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எதுக்கு, யாரோடு விளையாட, எப்போது என்று கேள்வி வரும். நமக்குள் இருக்கட்டும் என்று சொன்னவன் சம்மதம் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டாள். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறையவேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அப்சல் கூப்பிட்டான். "நெட்டு கட்டாயிட்டு ஹுதா."

"பேரு ஏன் எழுதல? அதுவும் நெட்டு கட்டானதாலயா?"

"எழுதினா உம்மா கேப்பாள்லா? நீ கம்பளிய மொதல்ல எடுத்துருவேன்னு நெனச்சேன்."

"உங்க உம்மா பேர எழுதுன கம்பளிய நான் எப்படி எடுப்பேன்?"

அதற்கு அவன் வழி ஒன்று சொன்னான். ஊரிலேயே ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியது. ஆன்லைனில் போட்டால் கொரியர்காரன் தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவான், உம்மா வாங்கிப் பிரித்துவிடுவாள். அதனால் மச்சான் கடைக்கே போக வேண்டியது. "ஒனக்குன்னு சொல்லாத. பிளெக்ஸ் கடை அண்ணாச்சி மவனுக்குன்னு சொல்லு."

அதுதான் ஹுதாவால் தாங்க முடியாமல் போனது. சாமான் போனதைக்கூட விட்டுவிடலாம். தன் புருஷனோடு விளையாட, தன் உழைப்பில் ஒன்றை வாங்க, அதற்கும் ஒரு பொய். இல்லாத ஒருவன் பேரை அவள் சொல்ல வேண்டுமாம். கருத்தப்பாண்டி அண்ணாச்சிக்கு மகனே கிடையாது, இரண்டும் பெண். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷனுக்காகவா மூன்று வருஷம் துப்பட்டாவை வாயில் அடைத்தோம் என்று போனை மெத்தையில் எறிந்தாள்.

வாங்காமலே விட்டுவிடுவோம் என்று திங்கட்கிழமை முடிவு செய்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அந்த முடிவு ஆட்டம் கண்டது. வாங்காவிட்டால் வெள்ளிக்கிழமை திரும்பவும் கட்டில் சுவரில் இடிக்கும். அவன் கொட்டாவி விடுவான். இன்னும் இரண்டு வாரத்தில், வேலை அதிகம், அடுத்த வாரம் பார்ப்போம் என்பான். வாங்கினால் அவன் சொன்ன பொய்க்குத் தலையாட்டியதாகும். எப்படிப் பார்த்தாலும் அவளுக்குத்தான் நஷ்டம். செவ்வாய்க்கிழமை முழுவதும் இதே எண்ணம். அந்த எரிச்சலில், தபசு பிளெக்ஸில் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பேரை விட்டுவிட்டாள். அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "என்னம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் சரிசெய்த பிளெக்ஸை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அப்படியே நேராக ராஜபாளையம் ரோட்டுக்கு நடந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. தபசுக் கூட்டம் இப்போதே வரத் தொடங்கியிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் வளையல் கடை, பலூன் கடை. எங்கே திரும்பினாலும் அவள் போட்ட பிளெக்ஸ், பெரிய பெரிய பேர்கள். ஒவ்வொன்றையும் கிழித்து எறியலாம் போல வந்தது.

ஃபரீத் கடையில் இரண்டு பேர் போனுக்குக் கவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில், ஹெட்போன்களுக்குப் பக்கத்தில் அது இருந்தது. பாதி கிழிந்த மஞ்சள் விலைச்சீட்டு. அதற்குப் பக்கத்தில் ஃபரீத் கையெழுத்தில் ஒரு அட்டை: சவுதி ஒரிஜினல்.

விற்பனைக்கு வைத்திருந்தார். தனக்கு உபயோகமில்லாத சாமானைக் கடையில் வைத்தால் போகும் என்று வைத்திருக்கிறார். அதில் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் சொல்ல முடியாமல் இருந்ததுதான் ஹுதாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"வாம்மா ஹுதா, என்ன இங்கன? ரசீதாவப் பாக்க வந்தியா?"

"இல்லண்ணே. அந்தக் கேம்பேட எடுங்க."

"இதுவா? யாருக்கு?"

அண்ணாச்சி மகன் என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினாள். "எனக்கு" என்றாள்.

ஃபரீத் சிரித்தார். "பிளெக்ஸ் போடுததுக்கு இதெல்லாமா வேணும்?"

"வெளாடுததுக்கு. உங்க மச்சினரும் நானும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெளாடுதோம். இது அவரு எனக்குன்னு வாங்கி அனுப்புன சாமான். பேரு எழுதல, அவ்வளவுதான்."

கவர் பார்த்தவர்கள் இவள் பக்கம் திரும்பினார்கள். ஃபரீத்தின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனுஷன்தான். "அட, அன்னைக்கே சொல்லக்கூடாதா? இந்தா, எடுத்துட்டுப் போ" என்று பெட்டியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கை நீண்டுகூட விட்டது. அதற்குள் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சாயங்காலம் இவர் ரசீதாவிடம் சொல்வார், ரசீதா தன் உம்மாவிடம் சொல்வாள். வீட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்த சாமானை ஹுதா கடைவாசலில் நின்று கேட்டு வாங்கிப்போனாள் என்று ஆகும். அப்சல் அப்போதும் நல்ல பிள்ளையாகச் சிரித்துக்கொண்டிருப்பான்.

"ஒரு நிமிஷம்ண்ணே. அவரு வாயாலயே சொல்லட்டும்." போனை எடுத்து அப்சலைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு ஹுதா, வேலையில இருக்கேன்." குரல் கணீரென்று கேட்டது. பின்னால் யாரோ தகரத்தைத் தட்டுவதுகூடக் கேட்டது. நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

"அண்ணன் கடையில நிக்கேன். ஸ்பீக்கர்ல இருக்கு. நீங்க அனுப்புன கேம்பேட் யாருக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

தகரம் தட்டும் சத்தம் நாலு தடவை கேட்டது. அஞ்சாவது தடவையும் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்" என்றான் அப்சல்.

"வ அலைக்குமுஸ்ஸலாம் மாப்ள."

"அது உங்களுக்குத்தான் மச்சான் அனுப்புனேன். இவ சும்மா தமாசு பண்ணுதா. ரசீதாக்கா நல்லாருக்காளா?"

ஹுதா போனை அணைத்தாள். ஃபரீத் ஒரு சார்ஜர் வயரை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். ஏற்கெனவே சுற்றியிருந்த வயர். அவருக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியது என்பதுதான் ஹுதாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அழுகைக்கு இடமில்லாமல் கோபம் நிறைந்திருந்தது.

அந்த இடத்தில்தான் அவள் மனசு ஒரு முடிவுக்கு வந்தது. இவனுடைய சாமானாக இது வேண்டாம். அண்ணன் தானமாகவும் வேண்டாம். நானே வாங்கினால் இது யாருடையது என்று நான் ஒருத்தனிடமும் கேட்க வேண்டியதில்லை.

"பில் போடுங்கண்ணே."

"நீ எதுக்கும்மா பில்லு..."

"போடுங்க. மத்தவங்களுக்குப் போடுத மாதிரி. எம் பேரு எழுதிப் போடுங்க."

அவர் எழுதினார். ஹுதா பணத்தைக் கொடுத்தாள். மேஜை மேல் கிடந்த மார்க்கரை எடுத்து, பெட்டியின் முகப்பில் நூருல் ஹுதா என்று எழுதினாள். பிளெக்ஸுக்குப் போடுகிற மாதிரி, தூரத்திலிருந்தே தெரியும்படி. எழுத்து ஒன்றும் விட்டுப்போகவில்லையே என்று வழக்கம்போல் இரண்டு தடவை பார்த்தாள்.

வீடு போய்ச் சேருவதற்குள் அப்சல் ஏழு தடவை கூப்பிட்டுவிட்டான். அவள் எடுக்கவில்லை. எழுத்தில் ஒன்று மட்டும் அனுப்பினாள். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள குடும்பக் குரூப்புல எழுதுங்க. அந்தச் சாமான் யாருக்கு அனுப்புனீங்க, எதுக்கு அனுப்புனீங்கன்னு. எழுதினா வெளாட வாரேன். இல்லன்னா நான் தனியா வெளாடிக்கிடுதேன். நீங்க உங்க மச்சான்கூட வெளாடுங்க."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். கதவைச் சாத்தவில்லை. விரியத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செருப்பை முட்டுக் கொடுத்தாள். ஹாலில் ஆயிஷம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டிருந்தாள். திறந்த கதவைப் பார்த்தாள், மறுபடி ஓதினாள்.

கேம்பேட் கைக்கு அடக்கமாக இருந்தது. குமிழை லேசாகத் தள்ளினாள். பொம்மை ஒரு சின்ன அடி எடுத்து வைத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள், இன்னொரு அடி. மூன்று வருஷமாகப் பாய்ந்து பாய்ந்து சுவரில் முட்டிய பொம்மை, சொன்னபடி மெதுவாக நடந்தது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தச் சந்தோஷத்தை நிம்மதியாக அனுபவிக்க விடாமல் பண்ணிவிட்டானே என்று அதற்கும் சேர்த்து அவன் மேல் கோபம் வந்தது.

நாலு மணிக்கு, அப்சல் அழைக்கிறார் என்று திரையில் மின்னியது. ஹுதா தொடவில்லை. நாலு ஐந்துக்கு அவள் போனிலும், ஹாலில் மாமியின் போனிலும் ஒன்றாக மணி அடித்தது. குடும்பக் குரூப். "மச்சான், அந்தக் கேம்பேட் ஹுதாவோட டிசைன் வேலைக்கு உபயோகமா இருக்கும்னு அனுப்புனது. பேர் எழுத மறந்துட்டேன்."

டிசைன் வேலைக்காம். மறந்துவிட்டானாம். ஹுதா திரையில் மின்னிய அழைப்பை நிராகரித்தாள். அவன் திரும்ப அழைத்தான். திரும்ப நிராகரித்தாள். பிறகு பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. ஹாலில் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனாலும் கதவைச் சாத்த அவள் எழுந்திருக்கவில்லை.

நாலே காலுக்கு மறுபடியும் இரண்டு போனிலும் மணி அடித்தது.

"முன்னால எழுதுனது பொய். அது ஹுதாவுக்கு அனுப்புனது. ஹுதாவும் நானும் மூணு வருஷமா வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சேந்து கம்ப்யூட்டர்ல வெளாடுதோம். உம்மா என்ன நெனைப்பாளோன்னு பயந்து நான்தான் சொல்லல. மச்சான், மன்னிச்சுக்கிடுங்க."

ஆயிஷம்மாள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். ஹாலில் அவள் உதடு முணுமுணுப்பது ஹுதாவுக்குக் கேட்டது. முடித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். நாற்காலி நகர்ந்தது. வாசலில் வந்து நின்றாள். ஹுதா திரும்பவில்லை. என்ன வந்தாலும் வரட்டும் என்று கேம்பேடை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, வெளாட்டா?"

"ஆமா மாமி."

"பிடிங்க, விடாதீங்க, இடிக்குதுன்னு கத்துவியே, அது?"

"கட்டிலு தூக்குத வெளாட்டு மாமி."

"அப்புறம் மூச்சு முட்டுத மாதிரி ஒரு அழுகை கேக்குமே?"

"அழுகை இல்ல. சிரிப்பு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு துப்பட்டாவ வச்சு..."

ஆயிஷம்மாள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுதீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றாள். "வாரா வாரம் கதவச் சாத்திக்கிட்டு சண்ட போடுதாங்க, அவன் ஏதோ சொல்லுதான், இவ அழுதா, எங்க வெட்டிவிட்டுட்டுப் போயிருவாளோன்னு நான் மூணு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அல்லாகிட்ட அழுது துஆ கேட்டேன். ஒன் மூஞ்சியப் பாத்து எப்படிப் பேசுததுன்னு தெரியாமத்தான் டீய வெளியில வச்சுட்டுப் போவேன். வெளாட்டுன்னா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

ஸ்டூலில் ஆறிப்போன அத்தனை டீயும் ஹுதாவுக்கு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பேரை எழுதத் துணியாத ஒரு மனுஷனால், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அழுதுகொண்டிருந்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஒருத்தி சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நினைக்க நினைக்க ஐந்து நாள் கோபம் மூன்று வருஷக் கோபமாக ஆனது.

திரையில் மறுபடி மின்னியது. அப்சல் அழைக்கிறார். இந்தத் தடவை ஹுதா எடுத்தாள்.

"ஹுதா? எழுதிட்டேன். பாத்தியா?" ஸ்பீக்கரில் அவன் குரல் குழைந்தது.

"பாத்தேன். கட்டிலத் தூக்குங்க."

அவன் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு படியில் பின்பக்கமாக இறங்கினான். இவள் மேல்முனையைப் பிடித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. கட்டில் சுவரைத் தொடவில்லை. திருப்பத்தில்கூட இடிக்காமல் வளைந்தது. "அப்படித்தான், அப்படித்தான், ஏ ஹுதா, சூப்பரு" என்று அவன் அங்கே குதித்தான். மாமி கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் பத்துப் படிதான் பாக்கி. ஹுதா கட்டிலைப் பிடித்திருந்த பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கட்டில் முழுப் பாரத்தோடு அவன் மேல் சரிந்தது. அவன் பொம்மை தலைகுப்புற உருண்டு, பத்துப் படியிலும் மோதி, கீழே போய் மல்லாக்க விழுந்தது. கட்டில் அதன் மேல் விழுந்தது.

"ஹுதா, விட்டுட்டியே" என்றான் அப்சல்.

"ஆமா. விட்டுட்டேன்."

"யாருட்டி அது விழுந்து கெடக்கது?" என்று கேட்டாள் ஆயிஷம்மாள்.

"உங்க மவன்தான் மாமி."

ஆயிஷம்மாள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "கெடக்கட்டும்" என்றாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வர அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஹுதா படியின் திருப்பத்தில் தன் பொம்மையை நிறுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.